இரண்டடிப் பாதைக்கு இவ்வளவு வேலையா?

மவுன்டன் பைக் (காட்டிலும் மலையிலும் ஓட்டுகிற சைக்கிள்) வீடியோ ஒன்றையாவது பார்க்காதவர்கள் இப்போது குறைவு. ஹெல்மெட்டில் கேமராவை மாட்டிக்கொண்டு ஒருவர் மரங்களுக்கு நடுவே தலைதெறிக்க இறங்கிக்கொண்டிருப்பார், பார்க்கிற நமக்கு வயிற்றைக் கலக்கும், 'இவனுக்கு வீட்டில் சொல்ல ஆளே இல்லையா' என்று தோன்றும். கண் முழுக்க ஓட்டுகிறவர் மேல்தான் இருக்கும். சக்கரத்துக்குக் கீழே ஓடுகிற அந்த இரண்டடி அகலப் பாதையை யாரும் கவனிப்பதில்லை. ஆடுமாடு நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை என்று நினைத்துக்கொள்வோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தப் பாதைகளில் பல, யாரோ சிலர் சனி, ஞாயிறுகளில் கூலி வாங்காமல், சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு வந்து, முதுகு ஒடிய வெட்டியவை. வார நாட்களில் ஆபீஸ் வேலை, கட்டட வேலை, பள்ளி வேலை. வார இறுதியில் மண்வெட்டி. இது எப்படி நடக்கிறது, ஏன் இப்படி நடக்கிறது, ஒரு புதுப் பாதை போட ஏன் சில சமயம் வெட்டுவதைவிட அதிக காலம் பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். உதாரணத்துக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன்: கனடாவின் வான்கூவருக்கு எதிர்க்கரையில் இருக்கும் நார்த் ஷோர். இந்த விளையாட்டில் இருப்பவர்களுக்கு 'ஷோர்' என்று சொன்னாலே போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

சைப்ரஸ், ஃப்ரோம், சீமோர். நகரத்திலிருந்து பார்த்தால் கடல் கால்வாய்க்கு அப்பால் வரிசையாகத் தெரியும் மூன்று மலைகள். வீடுகள் முடிகிற தெருமுனையிலேயே காடு தொடங்கிவிடும். நூறு வருஷத்துக்கு முன்னால் பெரிய மரங்களையெல்லாம் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். இப்போது நிற்பது அதற்கப்புறம் வளர்ந்த காடு, நடுநடுவே அறை அளவுக்கு அகலமான பழைய சீடார் மரத்தின் அடிக்கட்டைகள், அதில் மரவெட்டிகள் பலகை சொருகி ஏறி நின்ற வெட்டுத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் மரம் இழுத்த வழிகள்தான் முதலில் நடப்பவர்களுக்கும் பிறகு சைக்கிள்காரர்களுக்கும் பாதையாகின.

அங்கே மழை என்றால் மழை. சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். அந்த மலைச்சரிவுகளில் 2,000க்கு மேல். நம்மூர் மாதிரி ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் அடிப்பதும் கிடையாது. அக்டோபரில் பிடித்தால் ஏப்ரல் வரை சலசலவென்று பெய்துகொண்டே இருக்கும். இந்த மழையை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படித்தால்தான் பாதை போடுகிறவர்கள் ஏன் அப்படி ஒரு கிறுக்கோடு திரிகிறார்கள் என்பது புரியும்.

ஏனென்றால் பாதை போடும் வேலையில் முக்கால்வாசி தண்ணீரோடு மல்லுக்கட்டுவதுதான். மரம் வெட்டுவதும் கல் புரட்டுவதும் மீதிக் கால்வாசி.

விவரம் தெரியாதவர்கள் மலையில் பாதை போட்டால் எப்படிப் போடுவார்கள்? மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி, நேராக ஒரு கோடு. வேகமாக இறங்கலாம், ஜாலியாகவும் இருக்கும், முதல் கோடைக்காலம் முழுக்க. ஆனால் தண்ணீரும் அதே வழியைத்தான் தேடிக்கொண்டிருக்கும். முதல் மழைக்காலத்தில் பாதை வாய்க்காலாகும், இரண்டாவதில் ஓடையாகும், நாலைந்து வருஷத்தில் இடுப்பளவு பள்ளமாகி, வேரும் கல்லும் துருத்திக்கொண்டு நிற்கும். ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டிக்கொண்டு போகக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அவ்வளவு துல்லியமாக எல்லா இடத்திலும் வராது, ஆனாலும் செங்குத்துப் பாதை ஏன் இப்படிச் சீக்கிரம் சின்னாபின்னமாகிறது என்பதற்கு அந்த ஒரு கணக்கு போதும்.

ஆகவே பாதை மலைச்சரிவின் குறுக்கே போக வேண்டும். எவ்வளவு குறுக்கே? இதற்கு உலகம் முழுக்கப் பாதை போடுகிறவர்கள் வைத்திருக்கும் விதியின் பெயர் 'பாதி விதி'. மலைச்சரிவின் சாய்வு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் பாதையின் சாய்வு இருக்கக் கூடாது. சரிவு 20 சதவீதம் என்றால் பாதை 10 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. தாண்டினால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழே போவதற்குப் பதில் பாதையோடு சேர்ந்து ஓட ஆரம்பித்துவிடும். அதோடு, மொத்தப் பாதையின் சராசரிச் சாய்வும் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது இன்னொரு பொதுக் கணக்கு. இதில் ஒரு வேடிக்கை, சமதரைதான் மகா மோசம். எந்தப் பக்கமும் வடியாமல் நீர் அங்கேயே நிற்கும், வருகிறவர்கள் சேற்றைத் தவிர்க்கச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள், இரண்டடிப் பாதை பத்தடியாகும்.

சராசரி 8 சதவீதத்தில் 300 மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்று வையுங்கள். கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் பாதை வேண்டும். மலை அவ்வளவு அகலமாக இருக்காது, ஆகவே திரும்பித் திரும்பி வர வேண்டும், கொல்லிமலை ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது போல. ஆனால் சைக்கிள்காரர்களுக்குக் கொண்டை ஊசி வளைவு அவ்வளவாகப் பிடிக்காது, ஓட்டம் நின்றுபோகும். அதனால் வளைவுகளின் வெளிப்பக்கம் மண்ணைக் குவித்துச் சாய்வான சுவர் மாதிரி கட்டுவார்கள். அதற்குப் பெயர் பெர்ம். சாய்ந்துகொண்டே, பிரேக் பிடிக்காமல் திரும்பலாம். இப்படிக் கட்டிய சுவரின் காலடியில் தண்ணீர் தேங்கும் என்பதால் அதற்கு ஒரு வடிகால் யோசிக்க வேண்டும். எங்கே போனாலும் தண்ணீர்தான்.

அப்புறம் வாட்டம். மொட்டைமாடியில் தளம் போடும்போது கொத்தனார் ஒரு பக்கமாக வாட்டம் கொடுப்பாரே, அதே சங்கதி. பாதையின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிட 5 சதவீதம் தாழ்வாக இருக்க வேண்டும். 60 செ.மீ. அகலப் பாதைக்கு வெறும் 3 செ.மீ. கண்ணால் பார்த்தால் தெரியாது, காலால் நின்றால் தெரியாது, தண்ணீருக்கு மட்டும் தெரியும்.

ஆனால் இந்த வாட்டம் நிலைக்காது. ஆயிரம் சைக்கிள் போனால் நடுவில் குழி விழும், ஓரத்தில் மண் ஒதுங்கி ஒரு குட்டி வரப்பு உண்டாகும், வாட்டம் காலி. ஆகவே இன்னொரு ஏற்பாடு வேண்டும். இறங்கிக்கொண்டே வரும் பாதை, சில மீட்டருக்கு ஒருமுறை, கொஞ்ச தூரம் மேலே ஏறி மறுபடி இறங்க வேண்டும். தண்ணீரால் மேலே ஏற முடியாது. அந்தத் தாழ்வில் வந்து நின்று வெளிப்பக்கமாக வழிந்து காட்டுக்குள் போய்விடும். இதை கிரேடு ரிவர்சல் என்பார்கள். முழுப் பாதையும் இப்படி மெல்ல ஏறி இறங்கி அலைபோல இருந்தால் ஓட்டுகிறவருக்கும் குஷி, பாதைக்கும் ஆயுள். நல்ல பாதையில் போகும்போது 'அடடா, என்ன சுகமாக ஏறி இறங்குகிறது' என்று நீங்கள் ரசிக்கிற இடம் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு வடிகால்.

அதனால் ஒரு புதுப் பாதையின் முதல் சில மாதங்களில் யாரும் மண்வெட்டியைத் தொடவே மாட்டார்கள். கையில் சாய்வு அளக்கும் சின்னக் கருவி, ஒரு கட்டு கலர் ரிப்பன். நடப்பார்கள், அளப்பார்கள், மரத்தில் ரிப்பன் கட்டுவார்கள், மறுநாள் வந்து அவிழ்த்து நாலடி தள்ளிக் கட்டுவார்கள். பெரிய பாறை, பழைய மரம், எட்டிப் பார்த்தால் கடல் தெரியும் இடம், இதையெல்லாம் தொட்டுக்கொண்டு போக வேண்டும். ஈரம் நிற்கும் பள்ளம், ஓடைக்கரை, இதையெல்லாம் விலக்க வேண்டும். அனுபவசாலிகள் கொட்டுகிற மழையில் குடை கூட இல்லாமல் போய் நின்று பார்ப்பார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே சேர்கிறது என்று. வெயில் நாளில் பார்த்துவிட்டுப் போட்ட பாதையை மழை நாளில் போய்ப் பார்த்தால் அழுகைதான் வரும்.

சரி, கோடு முடிவாகிவிட்டது. இப்போது வெட்டு.

மலைச்சரிவில் பாதை என்றால் சரிவைக் குடைந்து ஒரு படிக்கட்டு மாதிரி தட்டையாக்க வேண்டும். இதில் சோம்பேறி வழி ஒன்று உண்டு: பாதி அகலத்துக்கு வெட்டி, அந்த மண்ணையே வெளிப்பக்கம் கொட்டி மீதி அகலத்தை நிரப்பிக்கொள்வது. வேலை பாதியாகக் குறையும். அந்த நிரப்பிய பாதி அடுத்த மழையில் சரிந்து கீழே போய்விடும் என்பதுதான் சிக்கல். ஆகவே முழு அகலத்தையும் கெட்டியான தாய்மண்ணில் வெட்ட வேண்டும், வெட்டிய மண்ணைத் தூரத்தில் தூவிவிட வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரிவு 40 சதவீதம், பாதை 60 செ.மீ. அகலம் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு எடுக்க வேண்டிய மண் குறைந்தபட்சம் 0.07 கன மீட்டர், எடையில் சுமார் நூறு கிலோ. நூறு மீட்டருக்குப் பத்து டன். நம்மூர் மணல் கணக்கில் சொன்னால் இரண்டரை யூனிட். மேல்பக்கச் சுவரைச் செங்குத்தாக விட்டால் இடிந்து விழும் என்பதால் அதையும் சாய்த்து வெட்ட வேண்டும், அது தனி. வண்டி போகாத காட்டில், கையால்.

ஷோரில் இதற்கு மேல் ஒரு தலைவலி. மேல் மண் முழுக்க மட்கிய இலை, ஊசியிலை, வேர். ஒரு அடி, இரண்டடி கூட இருக்கும். பஞ்சு மாதிரி மெத்தென்று அழகாக இருக்கும். மழை பட்டால் களி. அதை மொத்தமாக வழித்தெறிந்து கீழே இருக்கும் சரளை கலந்த மஞ்சள்பழுப்பு மண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த மண் அழுத்தினால் இறுகும், நீரை வடியவிடும். அங்கே பாதை போடுகிறவர்கள் அதை 'தங்கம்' என்றுதான் சொல்கிறார்கள், கேலியாகச் சொல்வதாகத் தெரியவில்லை. பாதையிலிருந்து தள்ளி ஒரு குழி தோண்டி, தங்கம் கிடைத்துவிட்டால், வாளி வாளியாகச் சுமந்து வந்து கொட்டி, மிதித்து, திமிசு போட்டு இறுக்குவார்கள். எல்லாம் முடிந்ததும் அந்தக் குழியில் உளுத்த மரக்கட்டைகளைப் போட்டு நிரப்பி, மேலே மட்கைப் பரப்பி, பெரணிச் செடிகளைத் திரும்ப நட்டுவிட்டு வருவார்கள். அடுத்த வருஷம் போனால் குழி இருந்த இடம் தெரியாது.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மண்வெட்டியும் கடப்பாரையும் போதுமே என்று தோன்றும், கடப்பாரை அவர்களும் வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த வேலையின் செல்லப்பிள்ளைகள் இரண்டு, இரண்டுமே அமெரிக்கக் காட்டுத்தீ அணைப்பவர்களிடமிருந்து வந்தவை. மெக்லியோட் என்பது ஒரு பக்கம் பற்கள், மறுபக்கம் வெட்டும் விளிம்பு. 1905இல் கலிபோர்னியாவில் மால்கம் மெக்லியோட் என்ற வனக்காவலர் உருவாக்கியது. புலாஸ்கி என்பது ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் களைக்கொட்டு போன்ற அலகு. இதன் பெயருக்குப் பின்னால் ஒரு கதை. 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா பகுதியில் முப்பது லட்சம் ஏக்கர் காடு எரிந்தபோது எட் புலாஸ்கி என்ற வனக்காவலர் சுமார் 45 பேரை ஒரு பழைய சுரங்கத்துக்குள் இழுத்துக்கொண்டு போய், பயத்தில் வெளியே ஓட முயன்றவர்களைத் துப்பாக்கியைக் காட்டி உட்கார வைத்தார். ஒருசிலர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிழைத்தார்கள். அதற்கடுத்த வருஷங்களில் அவர் தன் பட்டறையில் செப்பம் செய்து பரப்பிய கருவி இது. இன்றைக்கு ஒரு ஐ.டி. ஊழியர் ஞாயிற்றுக்கிழமை காலை வேர் வெட்டுவதற்கு அதைக் கையில் தூக்கிக்கொண்டு போகிறார்.

இதையெல்லாம் ஏன் அரசாங்கமே ஆள் வைத்துச் செய்யக் கூடாது என்று கேட்கலாம். சில இடங்களில் செய்கிறது. விஸ்லர் போன்ற ரிசார்ட்டுகளில் கம்பெனியே இயந்திரம் வைத்துப் போடுகிறது, டிக்கெட் வாங்கி ஓட்டலாம். ஆனால் பெரும்பாலான ஊர்களில் தன்னார்வலர்கள்தான், அதற்குக் காரணம் சரித்திரத்தில் இருக்கிறது.

இந்த விளையாட்டு பிறந்ததே அனுமதி கேட்காமல்தான். 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் கவுன்டியில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், பழைய கனத்த சைக்கிள்களை எடுத்துக்கொண்டு ஒரு மண்ரோட்டில் யார் முதலில் இறங்குவது என்று பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வருவதற்குள் அதற்குள்ளிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும், ஒவ்வொரு இறக்கத்துக்கும் திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்த ரோட்டுக்கு 'ரீபேக்' என்று பெயர். பத்து வருஷத்துக்குள் சைக்கிள்கள் கடைக்கு வந்தன, காட்டுப் பாதைகளில் கூட்டம் சேர்ந்தது, நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் முறையிட்டார்கள், ஒவ்வொரு பாதையாக சைக்கிளுக்குத் தடை வந்தது. 1984இல் அமெரிக்க வனத்துறை தன் 'வில்டர்னஸ்' காடுகளில் (மனிதர் கைபடாமல் விட்டுவைக்கும் காடுகளில்) சைக்கிள் கூடவே கூடாது என்று விதியைத் தெளிவாக்கியது. 1988இல் கலிபோர்னியாவின் சில சைக்கிள் கிளப்புகள் சேர்ந்து இம்பா என்ற சர்வதேசச் சங்கத்தை ஆரம்பித்ததே இந்தத் தடைகளைச் சமாளிக்கத்தான். நாங்கள் பாதையைக் கெடுக்கிறவர்கள் இல்லை, வேண்டுமானால் நாங்களே போட்டு நாங்களே பராமரிக்கிறோம் என்று காட்டுவது அவர்கள் எடுத்த வழி. 1997 முதல் இரண்டு பேரை ஒரு காரில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள்: போகிற ஊரில் உள்ளூர்க்காரர்களுக்குப் பாதி விதி, வாட்டம் எல்லாம் சொல்லிக்கொடுத்து, கூடவே நின்று ஒரு துண்டுப் பாதையும் வெட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். பல வருஷம் நடந்தது இது.

ஷோர்க்காரர்கள் இந்த மாதிரி நல்ல பிள்ளைகளாக ஆரம்பிக்கவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அங்கே பாதை போட்டவர்கள் யாரிடமும் கேட்கவில்லை. சேறும் வேரும் நிறைந்த தரையில் ஓட்ட முடியாது என்பதால் விழுந்து கிடந்த பழைய சீடார் கட்டைகளைப் பிளந்து ஏணி மாதிரி மரப்பாலங்கள் கட்டினார்கள். சீடார் சீக்கிரம் உளுக்காது. முதலில் சேற்றைத் தாண்டுவதற்காகக் கட்டிய பாலம், பிறகு பாறையைத் தாண்ட, பிறகு சும்மா, எவ்வளவு உயரத்தில் எவ்வளவு ஒல்லியாகக் கட்டலாம் என்ற போட்டியாகவே மாறிவிட்டது. டாட் ஃபியாண்டர், டான் கோவன் போன்றவர்கள் அப்போது பிரபலமானவர்கள். முன்னவருக்கு 'டிக்கர்' என்றே பட்டப்பெயர், தோண்டுகிறவர். அவர் தோண்டியதோடு வீடியோவும் எடுத்து விற்றார். உலகமே பார்த்தது. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் காடுகளில் மரப்பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். நகராட்சிக்கு வயிற்றில் புளி கரைத்தது. நம் நிலத்தில், நமக்குத் தெரியாமல், தலைக்கு மேல் உயரத்தில் ஒரு கையகலப் பலகை. ஒருவன் விழுந்தால் யார் பொறுப்பு?

இந்தச் சூழ்நிலையில்தான் 1997இல் நார்த் ஷோர் மவுன்டன் பைக் அசோசியேஷன் உருவானது. காட்டுக்குள் இரகசியமாக வெட்டுகிறவர்களுக்கும் நிலத்தின் சொந்தக்காரர்களுக்கும் நடுவே உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஒரு மலையில் நகராட்சி நிலம், இன்னொன்றில் மாகாணப் பூங்கா, மூன்றாவதில் ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனியின் தனியார் நிலம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரசு நிலத்தில் அனுமதி இல்லாமல் பாதை போடுவது வனச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி குற்றம். இதற்கெல்லாம் முன்னால், ஸ்குவாமிஷ், ஸ்லேவாட்டூத், மஸ்குவியம் என்ற முதற்குடிகள் ஒருபோதும் யாருக்கும் எழுதிக் கொடுக்காத நிலம் அது. இப்போது புதுப் பாதை என்றால் அவர்களிடமும் கலந்து பேச வேண்டும். இங்கே கனடாவின் வடக்கில் இருக்கும் யூகான் பகுதியின் கார்க்ராஸ் ஊரையும் சொல்ல வேண்டும். 2006 முதல் கார்க்ராஸ்/டாகிஷ் முதற்குடி இளைஞர்கள் சம்பளத்துக்கு அவர்கள் மலையில் அவர்களே பாதைகள் போட்டு, இப்போது உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்து ஓட்டுகிறார்கள்.

பொறுப்பு விஷயத்தில் மாகாணச் சட்டம் ஓரளவு கைகொடுத்தது. பொழுதுபோக்குப் பாதையில் போகிறவர் ஆபத்தைத் தெரிந்தே ஏற்கிறார் என்று அது எடுத்துக்கொள்கிறது. நில உரிமையாளர் வேண்டுமென்றே ஆபத்து உண்டாக்காமலும், வந்தால் வரட்டும் என்று அலட்சியமாக இல்லாமலும் இருந்தால் போதும். சட்டம் அப்படிச் சொன்னாலும் இன்ஷூரன்ஸ் வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், இன்னார் இன்ன பாதைக்குப் பொறுப்பு என்று பெயர் வேண்டும். இதையெல்லாம் செய்ய ஒரு சங்கம்தான் வேண்டும், தனி ஆளால் முடியாது. ஓடைக்கு எவ்வளவு தள்ளி, மீன் முட்டையிடும் காலம் எப்போது, பறவை கூடு கட்டும் காலத்தில் எந்தச் செடியைத் தொடக் கூடாது என்று ஆய்வு, அறிக்கை, மறுபடி திருத்தம். நாலு வார இறுதிகளில் வெட்டி முடிக்கிற பாதைக்கு இரண்டு வருஷம் பேச்சு என்றால் ஆச்சரியமில்லை. பொறுமை போன ஆட்கள் மறுபடி இரகசியமாக வெட்டப் போய்விடுவார்கள், அது தெரியவந்தால் சங்கத்தின் பேச்சுவார்த்தை கெடும். முன்பாவது இரகசியம் இரகசியமாக இருந்தது. இப்போது ஒரே ஒருவர், போகிற வழியைப் பதிவு செய்யும் போன் ஆப்பை அணைக்க மறந்து ஓட்டினால் போதும், மேப்பில் கோடு விழுந்துவிடும்.

நடப்பவர்களோடு சண்டை தனிக் கதை. மலையேறி அமைதியாக நடக்க வந்தவருக்கு முதுகுக்குப் பின்னால் திடீரென்று ஒரு சைக்கிள் வந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும், அதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் 'சைக்கிள் பாதையை நாசமாக்குகிறது' என்று பொதுவாகச் சொல்வது அவ்வளவு எளிதாக நிற்காது. 1994இல் மொன்டானாவில் குதிரை, நடப்பவர், மோட்டார் சைக்கிள், மவுன்டன் பைக் நாலையும் ஒரே மாதிரிப் பாதைகளில் போகவிட்டு, மண் எவ்வளவு கழன்று வருகிறது என்று அளந்த ஒரு ஆய்வு வெளிவந்தது. சக்கரங்களைவிட குளம்பும் காலும்தான் அதிகம் மண்ணைக் கிளப்பின, அதிலும் குதிரை முதலிடம். இதை வைத்துக்கொண்டு சைக்கிள்காரர்கள் ரொம்பவே குதிக்கிறார்கள். ஈரத்தில் பின் சக்கரத்தை இழுத்து பிரேக் போடும் ஆளை அந்த ஆய்வு மன்னித்துவிடவில்லை. எது போனாலும், பாதை எப்படிப் போடப்பட்டது என்பதுதான் அரிப்பைத் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

ஷோரில் இந்தச் சண்டை ஒரு கட்டத்தில் எல்லை மீறியது. ஃப்ரோம் மலையில் யாரோ தொடர்ந்து பாதையின் குறுக்கே மரக்கட்டைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள், வேகமாக இறங்குகிற இடமாகப் பார்த்து. கழுத்து முறிகிற விஷயம். கடைசியில் சைக்கிள்காரர்களே மரத்தில் கேமராவை மறைத்து வைத்து, அந்தப் பதிவை போலீஸிடம் கொடுக்க, 2015 தொடக்கத்தில் ஒருவர் பிடிபட்டார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

வெளிச்சண்டையைவிட வீட்டுச் சண்டை இன்னும் சுவாரசியம். இளைப்பாறி ஓட்டவும், குழந்தைகளோடு வரவும், புதிதாகப் பழகவும் ஒரு வழுவழுப்பான பாதை வேண்டும் என்று ஒரு கோஷ்டி. வேரையும் பாறையையும் எடுத்துவிட்டால் இது ஷோரே இல்லை, பார்க்கில் ஓட்டிக்கொள்ளுங்கள் என்று பழைய ஆட்கள். ஃப்ரோமில் பாப்ஸ்லெட் என்று ஒரு பாதை, எல்லோரும் ஓட்டக்கூடிய மாதிரி பெர்மும் அலையுமாகப் போட்டார்கள். வந்தது பாருங்கள் கூட்டம். பழைய ஆட்கள் முகத்தைச் சுளித்தார்கள், பிறகு தங்கள் பிள்ளைகளை அங்கேதான் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதே சமயம் அவர்கள் சொல்வதையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. முப்பது வருஷமாக மழையில் கழுவப்பட்டு வேர் துருத்தி நிற்கும் ஒரு பாதையைச் சரிசெய்யப் போனால், தண்ணீரை வழிமாற்றி, கல் பாவி, மண் போட வேண்டும். பாதை பிழைக்கும். ஆனால் அந்தப் பழைய முரட்டுத்தனம் போய்விடும். மரத்துக்கு நல்லது செய்கிறோம் என்று வேரை மூடினால், வேரில் ஓட்டக் கற்றுக்கொண்டவர் கோபிக்கிறார். கைதேர்ந்தவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: மண்ணுக்குப் பதில் பெரிய பாறைகளைப் பல்லில் பல் பொருந்துவது போல் பாவிவிடுவது. அரிப்பும் இல்லை, சவாலும் போகவில்லை. ஒரு பாறையை உருட்டி வந்து உட்கார வைக்க மூன்று பேருக்கு அரை நாள் ஆகும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஒரு வேலை நாள் எப்படி இருக்கும்? காலையில் மலையடியில் கார் நிறுத்துமிடத்தில் கூடுவார்கள். தலைக்கு ஹெல்மெட் இல்லாவிட்டாலும் கைக்கு உறை கட்டாயம். முதலில் பாதுகாப்புப் பேச்சு: கருவியைத் தோளில் வைக்காதே, கையில் தொங்கவிட்டு, சரிவில் கீழ்ப்பக்கக் கையில் பிடி, விழுந்தால் எறிந்துவிட்டு விழு, ஆளுக்கு ஆள் கை நீட்டினாலும் கருவி படாத தூரம் விடு, கரடி வந்தால் ஓடாதே. செயின்சா என்கிற இயந்திர ரம்பத்தைத் தொடுவது பயிற்சிச் சான்று உள்ளவர் மட்டும். பிறகு வரிசையாக ஏறுவார்கள். தலைமை தாங்குகிறவர் நாலைந்து மணி நேரத்துக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுப்பார். புதிதாக வந்தவர் பத்து நிமிஷம் ஆவேசமாக வெட்டிவிட்டு மூச்சு வாங்குவார். பக்கத்தில் நரைத்த தாடிக்காரர் மெதுவாக, நிறுத்தாமல் வெட்டிக்கொண்டிருப்பார், மதியத்துக்குள் மூன்று மடங்கு போயிருப்பார். நம் வயல்வேலையிலும் இதேதான். ஒரு நாள் முழுக்க முக்கியும் ஓர் ஆள் சில மீட்டர்தான் முடித்திருப்பார், அதுவே பெரிய விஷயம். இதில் ஒருமுறை கலந்துகொண்டவர் அப்புறம் ஈரப் பாதையில் பிரேக்கை இழுத்துப் பிடிக்க மாட்டார் என்பது எல்லா ஊர்ச் சங்கங்களிலும் சொல்வது.

ஓட்டுகிறவர்கள் ஆயிரம், வெட்டுகிறவர்கள் பத்து. இந்தப் புலம்பல் உலகப் பொது. 'வெட்டாதவன் ஓட்டாதே' என்று அவர்களுக்கு ஒரு கோஷமே உண்டு, மலையடியில் போர்டில் எழுதி வைத்திருப்பார்கள், யாரும் அதைப் பார்த்துத் திரும்பிப் போனதாகத் தெரியவில்லை.

இதற்காகத்தான் ஷோர் சங்கம் தத்தெடுப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு கம்பெனியோ கடையோ ஒரு பாதைக்குப் பணம் தரும். அந்தப் பாதைக்கென்று ஓர் அனுபவசாலி பொறுப்பாளராக இருப்பார். அந்தக் கம்பெனி ஆட்களும் பொதுமக்களும் அவர் சொல்கிற நாட்களில் வந்து வேலை செய்வார்கள். ஏரிக்கரையை, மதகை ஊர்க்காரர்களே முறை வைத்துச் சீர்செய்த நம் குடிமராமத்து மாதிரிதான். ஒரு வித்தியாசம், குடிமராமத்தில் வராதவனுக்கு ஊர் முறைத்துப் பார்க்கும், தண்ணீர் முறையில் கைவைக்கும். இங்கே வராதவனும் அதே பாதையில் அதே வேகத்தில் போவான். ஆகவே பணம், டீஷர்ட், வேலை முடிந்ததும் பீர் என்று வேறு வேறு வகையில் இழுக்க வேண்டியிருக்கிறது.

புதுப் பாதை திறக்கிற நாளில் ரிப்பன் வெட்டு, போட்டோ எல்லாம் உண்டு. முதல் மழைக்காலம் முடியும்வரை அது பாதியே முடிந்த வேலை என்று பொறுப்பாளருக்குத் தெரியும். மண் இறுகாத இடத்தில் தடம் பதியும், கணித்த இடத்தில் தண்ணீர் வராமல் கணிக்காத இடத்தில் வந்து நிற்கும், வளைவுக்கு முன்னால் எல்லோரும் பிரேக் பிடித்துப் பிடித்து அலை அலையாகக் குழி விழுந்திருக்கும். அதைப் பார்த்ததும் அவர் குழியை மூடுவதில்லை. எதற்காக அங்கே பிரேக் பிடிக்கிறார்கள் என்று யோசித்து, வளைவுக்கு மேலே ஒரு சின்ன ஏற்றம் வைக்கிறார், வேகம் தானாகக் குறைகிறது.

அப்புறம் அக்டோபர். இலை கொட்டும். மேப்பிள் இலைகள் வடிகாலின் வாயில் போய்ப் படிந்தால் ஒரு தட்டு மாதிரி அடைத்துக்கொள்ளும். பின்னாலேயே வரும் மழைக்கு அது போதும், பாதையோடு இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் காலை ஏழு மணிக்கு மலையில் போனால், சைக்கிள் இல்லாமல், ரப்பர் பூட்ஸும் கையில் ஒரு வாருகோலுமாக யாராவது ஒருவர் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு தாழ்விலும் நின்று, இலையை இழுத்துப் போட்டு, தண்ணீர் வெளியே வழிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவார்.